ஓரம் வெட்டிய கடிதம்

என் கணவருக்குக் கண் தெரியாது. கணினித் திரையில் இருப்பதை, யாரும் திறந்து திருத்தக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருள் அவருக்கு வாசித்துக் காட்டும். தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வந்தால் மட்டும் அது வாயடைத்துப் போகும். ராயப்பேட்டையில் கலக்காமல் எழுதுகிறவர் யார்? அவரே நிரலுக்குள் புகுந்து நான்கு வரி மாற்றிச் சரிசெய்தார். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டும் அந்தத் திருத்தத்தை அழித்துவிடும். அன்று முழுக்க அவர் வேலை நிற்கும். மென்பொருளை உருவாக்கியவர்களே அதைச் சேர்த்துக்கொண்டால்தான் தொல்லை தீரும்.

அவர்களுக்கு அனுப்ப, ஒரு இணையதளத்தில் கணக்கு வேண்டுமாம். கணக்குத் தொடங்க, மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். ஒன்பது படக் கட்டங்களில் பைக் இருப்பதையெல்லாம் தொட வேண்டும்.

"இங்க வா, ஒரு நிமிசம்" என்றார். வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மயிலாப்பூர் கல்யாண ரவிக்கை ஒன்றைப் பாதியில் விட்டுப் போனேன். ஒரு கட்டத்தில் பைக்கின் கண்ணாடி நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அது பைக்கா, இல்லையா? தொட்டேன், தப்பு. தொடாமல் விட்டேன், அதுவும் தப்பு. காதால் கேட்கும் வழியும் இருந்தது; அதில் யாரோ இரைச்சலுக்கு நடுவே முனகினார்கள். எப்படியோ நுழைந்தோம். மறுநாளே சந்தேகத்துக்குரிய கணக்கு என்று பூட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம்பேர்ல ஒண்ணு தொறந்து அனுப்பிடலாமா?"

"எழுதனது நானு. எம்பேர்லதான் போவணும்."

மென்பொருளோடு வரும் குறிப்புகளை அவர் முழுக்கக் கேட்டபோது, கடைசியில் ஒரு வரி: திருத்தங்களை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? திருத்தத்தைக் கடிதத்துக்குள் வைத்து, "ஒருக்கா பாத்துட்டு அனுப்பு" என்று டீ குடிக்கப் போனார்.

பார்த்தேன். ஒரு வரி உள்ளே, ஒரு வரி வெளியே, பிசிறடித்த துணி மாதிரி. என் வீட்டுக்காரர் பெயரில் போகிற கடிதம் இப்படியா போகும்? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த இடைவெளியை நீக்கி, ஓரத்தை ஒரே கோட்டில் கொண்டுவந்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. திருத்தம் பொருந்தவில்லை, வரிகளுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடைவெளிகளைக் காணோம், அவையும் நிரலில் சேர்த்திதான். என்ன தப்பு செய்தோம் என்று அவர் தன் நான்கு வரிகளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான்தான். அசிங்கமா கீதேன்னு நேராக்கி உட்டேன்."

"உன்ன யாரு கேட்டா?" கத்தவில்லை, பெருமூச்சுதான் விட்டார். "நீ போய் மெஷின பாரு. நானே அனுப்பிக்கிறேன்."

அனுப்பினார். சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த அப்டேட் வந்த அன்று பயந்துகொண்டேதான் தைத்தேன். மென்பொருள் வாயடைக்கவில்லை. மாற்றங்களின் பட்டியலை வாசித்தது, நடுவில் அவர் பெயரையும் சொன்னது. மிதியிலிருந்து காலை எடுத்தேன். அவருக்கு ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்று அந்தத் தளம் அடம்பிடித்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்த ஓரத்தை நேராக்கியபோது நானும் அதையேதான் நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இன்னாத்துக்கு மெஷின நிறுத்தன?" என்றார்.

"அத மறுபடி படிக்கச் சொல்லு" என்றேன்.