தகரமூஞ்சி கப்பல் ஏறிய நான்கு நிமிடம்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடையில் இருந்தவர்கள்: முதலாளி பெருமாள்சாமி அண்ணன், அவர் மனைவி இந்திரா அக்கா, சரோஜினி டீச்சர், பஸ் டிரைவர் சேமி, கேசட் போடுகிறவனாக நான். இன்னும் பெஞ்சிலும் தரையிலுமாக இருபது பேர். வராதவர் இஸ்மாயில் பாய். சர்க்கரை மில் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு அன்று பகல் ஷிப்ட். வந்த இத்தனை பேரால் வராத வினை, வராமல் போன அந்த ஒருவரால் வந்தது.

ஃபிஜித் தீவில், லவுத்தோக்கா என்கிற ஊரில் நான் வேலை பார்த்த வீடியோ கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தியர்கள் நிறைந்த அரசை ராணுவம் கலைத்த முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சில மாதம் ஆகியிருந்தது; எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக விசா வாங்கி நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோட்டில் சிப்பாய்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம். ஃபிஜியில் அப்போது டிவி நிலையம் கிடையாது. டிவி பெட்டி இருக்கிற வீடுகளில் அது வீடியோ கேசட் பார்க்கத்தான்.

நான் பா டவுனுக்குப் பக்கம், வரதோலியில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஃபார்ம் சிக்ஸ், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த முதல் ஆள். அப்பா ஆபீஸ் வேலையை எதிர்பார்த்தார். கிடைத்தது இது. "பையன் எலக்ட்ரானிக்ஸ்ல இருக்கான்" என்று ஊரில் சொல்லிவைத்தார். நானும் மறுக்கவில்லை.

வேலை எப்படி நடந்தது

அண்ணனின் தங்கை நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தார். அவர் அங்கே டிவியில் வாராவாரம் வரும் ஒரு தொடரை ரெக்கார்ட் பண்ணி, ஃபிஜிக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாந்தி ஏர்போர்ட்டுக்குப் போய் வாங்கிவருவேன். அதுதான் மாஸ்டர், மூலக் கேசட். அதை ஒரு டெக்கில் ஓடவிட்டு, மற்ற டெக்குகளில் ஆறு காப்பி எடுப்போம். விளம்பரம் வந்தால் பாஸ் பட்டனை அழுத்திப் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும், முடிந்ததும் விட வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் ஆக்லாந்து சோப்புத் தூள் லவுத்தோக்காவில் எட்டிப் பார்க்கும். எனக்கு அந்தக் கை நன்றாக வந்தது. எங்கே வெட்டினேன் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் தொடரின் நாயகனுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர். எங்கள் ஊரில் அவன் தகரமூஞ்சி. கூரைத் தகரத்தை நெளித்து வைத்த மாதிரி முகமூடி போட்டிருப்பான். பகலில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சாதாரண ஆள். ஆபத்து வந்தால் முகமூடியோடு வந்து நிற்பான். லவுத்தோக்காவும் துறைமுகம், கிரேன் உள்ள ஊர். அவனைச் சொந்தக்காரன் மாதிரி வைத்திருந்தார்கள். மில் கேட்டில் அவன் பேச்சு, பஸ்ஸில் அவன் பேச்சு.

கடைசி எபிசோடை மட்டும் கடையிலேயே பெரிய டிவியில் எல்லாருக்கும் காட்டுவோம் என்று அண்ணன் அறிவித்திருந்தார். கேசட் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. வழக்கமாக நான் முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். அன்று நேரமில்லை.

இவனுக்கும் விசாவா

முக்கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. துறைமுகத்தை எரிக்க வந்தவர்களைத் தகரமூஞ்சி அடித்து முடித்தான். ஊர் திரண்டு நின்றது. அவன் முதல்முறையாக முகமூடியைக் கழற்றினான். "அட, நம்ம கிரேன்காரன்!" என்று அந்த ஊர் கூவ, கடையில் கைதட்டல். சேமி எழுந்து நின்று விசிலடித்தான். படம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. அடுத்த காட்சியில் அவன் ஒரு சின்னப் பெட்டியில் துணி மடித்து வைக்கிறான். வாடகை வீட்டின் சாவியை வீட்டுச் சொந்தக்காரியிடம் கொடுக்கிறான். அவள் ஏதோ கேட்கிறாள், பதில் இல்லை. கப்பலில் ஏறுகிறான். ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் ஊதுகிறது. பெயர்கள் ஓடுகின்றன. மொத்தம் நான்கு நிமிடம்.

கைதட்டின கைகள் மடியிலேயே கிடந்தன.

"கேசட் மாறிப் போச்சா?" என்று சரோஜினி டீச்சர் என்னைக் கேட்டார். "தம்பி, வேற படம் ஏதாச்சும் மேல பதிஞ்சிருச்சா?"

"இல்ல டீச்சர். இதுதான்."

பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அவனுக்கும் விசா வந்துருச்சுடோய்!"

ஒரு கணம் பெரிய சிரிப்பு. அது சட்டென்று கோபமாகத் திரும்பியது. எனக்கு இன்றும் ஆச்சரியம், எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்று.

"நன்றி கெட்ட பய. ஊரு அவனத் தலயில தூக்கி வச்சு ஆடுது, இவன் பொட்டியத் தூக்கிட்டு ஓடுறான்!"

"ஓடுறதுதான் ஓடுறான், சொல்லிட்டாவது ஓடுறானா? திருட்டு மூஞ்சி."

"எங்க தெருவுல மூணு வீடு இப்பிடித்தான். காலைல பாத்தா பூட்டு."

சேமி பூர்வகுடி ஃபிஜிக்காரன், ஆனால் எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவான். அவன் அம்மாவின் கிராமம் கடற்கரைப் பக்கம். எங்களில் பாதிப் பேரை அவன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன். அவன் கத்தவில்லை. நின்றவன் உட்கார்ந்துவிட்டான். "ஈசா," என்றான். மனசு நொந்தால் அவர்கள் சொல்கிற சொல் அது. "அரே, நீங்க எல்லாரும் ஒவ்வொருத்தராப் போறீங்க. இவன் எங்கூட இருப்பான்னு நெனச்சேன்."

இந்திரா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தகரமூஞ்சிக்காக அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அண்ணன் டிவியை அணைத்தார்.

வெட்டு

மறுநாள் காலை காப்பி எடுக்கப் போனேன். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முனி, கப்பல் வேணாம். மூஞ்சியக் கழட்டுறான்ல, அதோட நிறுத்து. அப்புறம் பழைய எபிசோட்லருந்து பேர் ஓடுறத எடுத்து ஒட்டிடு."

"ஏன் அண்ணே?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்களுக்கு விசா வந்து மூணு வாரம் ஆச்சு."

நான் கையிலிருந்த கேசட்டை மேஜையில் வைத்தேன். அண்ணனே போகிறார் என்பதை என் மண்டை வாங்கிக்கொள்ளவே இல்லை. கவிழ்ப்பு நடந்த அன்று டவுனில் ஷட்டர் இறக்காத கடை எங்களுடையது.

"பாவுலேருந்து அந்த யாவாரி வந்தாருல்ல, கட, டெக்கு, கேசட்டு எல்லாத்துக்கும் சேத்துப் பதினெட்டாயிரம் டாலர்னு பேசியிருக்காரு. நான் போறேன்னு அவருக்குத் தெரியாது. வேற தொழில் பண்ணப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். போறவன் சொத்த இப்ப எவன் நெசமான வெலைக்கு வாங்குறான்? ஒருத்தன் வாயில விழுந்தாப் போதும், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆறு காப்பியும் வீடு வீடாப் போகும். ஊரே ஓடினவன் ஓடினவன்னு பேசும். அப்புறம் எவனாச்சும் என் மூஞ்சியப் பாப்பான். ஆக்லாந்துல தங்கச்சி வீட்டுல எத்தன நாள் உக்காந்து திங்கறது? அந்தக் காசுதான் எங்களுக்கு அங்க."

"வெளிய சொல்லமாட்டேன் அண்ணே."

"அது தெரியும். வெட்டு."

வெட்டினேன். அழகாக வெட்டினேன். முகமூடியைக் கழற்றுகிறான், ஊர் கூவுகிறது, பெயர்கள் ஓடுகின்றன. நானே ஒட்டியிருக்காவிட்டால் நானே நம்பியிருப்பேன். அதைவிட அந்தக் கதைக்கு அதுதான் நல்ல முடிவு என்றுகூட எனக்குத் தோன்றியது.

நாங்கள் இருவரும் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கப்பலைப் பார்த்த இருபத்துச் சொச்சம் பேர் ஊருக்குள்தான் இருந்தார்கள்.

ஒரே ஊரில் இரண்டு முடிவு

மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டது. கடையில் பார்த்தவர்கள் அவன் ஓடிப்போனான் என்றார்கள். வீட்டில் பார்த்தவர்கள் அவன் ஊரிலேயே நிற்கிறான் என்றார்கள். மார்க்கெட்டில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சரோஜினி டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் தோற்றுப்போனார். "என் கண்ணால பாத்தேன்டா" என்கிறாராம், "எங்க வீட்டுல நாலு தடவ பாத்தோம் டீச்சர்" என்கிறார்களாம்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு சேமியும் இஸ்மாயில் பாயும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். பாய் எங்கள் பக்கத்துத் தமிழர்தான். அவர் பாட்டன் காலத்தில் மதராஸிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். வேலை முடிந்த கையோடு கிரீஸ் சட்டையில் வந்திருந்தார். கேசட்டை மேஜையில் வைத்தார்.

"தம்பி, ஒர்க்‌ஷாப்புல எனக்கு மானம் போகுது. இந்தக் காய்பீத்தி சொல்றான், தகரமூஞ்சி கப்பல்ல போயிட்டான்னு."

காய்பீத்தி என்றால் ஃபிஜிக்காரன். அது அவர்களுக்குள் செல்லப் பெயர்.

"போயிட்டான்யா கிழவா. எத்தன தடவ சொல்றது?"

"நான் உன்னக் கேக்கல. பையன் படிச்சவன், பொய் சொல்லமாட்டான். சொல்லு தம்பி. கப்பல் இருக்கா, இல்லயா?"

அண்ணன் அப்போது பேங்குக்குப் போயிருந்தார். நான் "இல்லை" என்று சொன்னால் சேமி பொய்யனாகிவிடுவான். ஒர்க்‌ஷாப்பில், பஸ்ஸில், மார்க்கெட்டில், எல்லா இடத்திலும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் யார் யாரை நம்புவது என்பது சின்ன விஷயமாக இல்லை. பாயும் அவனும் மட்டும்தான் பழையபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அலமாரியிலிருந்து மாஸ்டரை எடுத்து டெக்கில் போட்டேன்.

கப்பல் ஊதியபோது பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! ஏறிட்டானா? நெசமாவா?" சேமி ஜெயித்த சந்தோஷத்தைக் காட்டவில்லை. பாயின் தோளில் கை போட்டான். அதே நேரம் அண்ணன் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?" என்றார் பாய்.

"நான்தான் பாய்," என்றேன்.

"நீ சொந்தமா வெட்டுறவன் இல்ல." அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "பெருமாளு, சனங்க திட்டினது அவனத்தானே? உனக்கு ஏன்பா சுட்டுச்சு?"

அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். டேப் கெட்டிருந்தது என்று சொல்லியிருக்கலாம். நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் அவர் கண் நிறைந்துவிட்டது.

பாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீயுமா?"

"விசா வந்துருச்சு பாய்."

"எப்ப?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா தெனம் எங்கூட டீ குடிச்ச!"

சேமிக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும். விசா என்ற சொல் போதுமானதாக இருந்தது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பெருமாள்," என்றான் ஹிந்தியில். "ஏர்போர்ட்டுக்கு யார் கூட்டிட்டுப் போவா? டாக்சியா?" வெளியே போய் பஸ் படியில் உட்கார்ந்துகொண்டான்.

அவர்கள் இருவரும் வேண்டுமென்று வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் கேசட் மாற்ற வந்த நான்கு பேர் நின்றிருந்தார்கள். தகரமூஞ்சி போனானா என்று கேட்க வந்தவர்களுக்குப் பெருமாள்சாமி போகிறார் என்கிற சேதி கிடைத்தது. சாயங்காலத்துக்குள் அது மில் வரை போய்விட்டது. சனிக்கிழமை பா வியாபாரி வந்தார். உட்காரக்கூட இல்லை. புதிய விலையைச் சொன்னார். விமான டிக்கெட் தேதியும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் போன பிறகு அண்ணன் என்னிடம் கேட்டார்: "போட்டுக் காட்டாம இருந்திருக்கலாம்ல முனி?"

"சேமி பொய்யனாயிருப்பான் அண்ணே."

அவர் மாஸ்டரை எடுத்து என் கையில் வைத்தார். "ஆறு காப்பியிலயும் கப்பலச் சேத்துடு," என்றார்.

இப்போது நான் தலைநகர் சுவாவில் எடிட்டிங் வேலையில் இருக்கிறேன். பக்கத்து ஊரான நசினுவிலிருந்து தினமும் மினிபஸ்ஸில் போய்வருகிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் எங்கே வெட்டலாம் என்று கேட்கிறார்கள். கண் உறுத்துவதை வெட்டு, நேரம் மிஞ்சுவதை வெட்டு என்பேன். மனசு உறுத்துவதை மட்டும் வெட்டாதே. பார்க்கிறவர்கள் கோபப்படட்டும், அழட்டும், நாற்காலியை உதைக்கட்டும். அந்த அதிர்ச்சி அவர்களுடையது, அதை எடுத்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வெட்டச் சொன்னவர், வெட்டியவன் இரண்டு பேருமே அந்த நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று தப்பாக நினைத்தோம். விலையை அண்ணனும் இந்திரா அக்காவும் கொடுத்தார்கள். பதினெட்டாயிரத்துக்குப் பேசிய கடை பதினோராயிரத்துக்குப் போனது. ஏழாயிரம் டாலர்.