முன்னறைச் சிங்கப்பூர்

போன சனிக்கிழமை நான் சிங்கப்பூருக்குப் போய்விட்டேன். கப்பலா? அதெல்லாம் எதற்கு... எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து முன்னறைக்குப் போனேன், அவ்வளவுதான்!

விஷயம் இதுதான். சிங்கப்பூர் மரக்கிடங்கு ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை தயார். திங்கட்கிழமைக்குள் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெங்களூர்த் தண்டுப் பக்கத்தில், அதாவது கண்டோன்மெண்டில், இருக்கும் சிநேகிதர்கள் எல்லாரும் "போய்யா, போய்யா" என்கிறார்கள். என்மேல் அத்தனை பிரியம்!

ஆனால் தனியாக என்னால் இருக்க முடியுமா? ஒத்திகை பார்த்துவிட்டால் போகிறது என்று தோன்றியது. முன்னறைதான் சிங்கப்பூர். நடுவில் இருக்கும் வாசற்படி, சமுத்திரம். இரண்டு நாள் நான் தாண்டக்கூடாது. நானே சமைக்க வேண்டும். என் மனைவி கனகு உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூர் உஷ்ணப் பிரதேசமாயிற்றே என்று ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தேன். மார்கழி மாதத்துப் பெங்களூரில்! ஒரு மணி நேரத்தில் தும்மல் பிடித்துக்கொண்டது.

"கனகு, அந்த மிளகு ரசம் கொஞ்சம்..."

இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"கனகூ!"

"இன்னாங்க, சிங்கப்பூர்லேர்ந்து கத்தினா இங்க கேக்குமா? கடுதாசி போடுங்க!"

கரியடுப்பை மூட்டினேன். அடுப்பைத் தவிர மற்றதெல்லாம் புகைந்தது. வடித்த சோறு தட்டில் விழ மறுத்தது. பானையைக் கவிழ்த்துத் தட்டினேன், பானைதான் உடைந்தது. அந்த நேரம் பார்த்து சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி வைத்த பிதுக்கம்பருப்புக் குழம்பு வாசனை! அவரைக்காய்க் காலத்தில் இந்த ஊரை விட்டுப் போகிறவன் மனிதனா?

ஞாயிறு மத்தியானம் சமுத்திரத்தை ஒரே எட்டில் தாண்டினேன். உள்ளே கனகுவும் பக்கத்து வீட்டு ரோஸம்மாவும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களாண்ணே? கப்பல்ல வாந்தி எதுவும் இல்லியே?" என்றார் ரோஸம்மா.

நான் தலை குனிந்தபடி, "கனகு, நான் போகலை. நீ தனியா கஷ்டப்படுவே" என்றேன்.

"அய்யோ, நீங்க போங்க! ரெண்டு நாளா ஒரு கத்தல் இல்ல, பேஜாரு இல்ல... வூடு எவ்ளோ குஷியா இருக்குது தெரியுமா?"

"சும்னே, வெளையாட்டுக்குச் சொல்றியா?"

"சும்னே இன்னா சும்னே? நெஜமாத்தான்!"

குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தடவை போட்டுக்கொண்டது இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஏஜெண்டிடம், "வேலை வேண்டாம் ஸார், குடும்ப நிலைமை சரியில்லை" என்றேன். பொய்யில்லையே!

அக்கரை வேலைக்குக் கிளம்பும் அன்பர்களே, சம்பளம், சாப்பாடு, சீதோஷ்ணம் எல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். நீங்கள் போவதாகச் சொன்னதும் வீடு அழுகிறதா? தைரியமாகப் போய் வாருங்கள். சிரிக்கிறதா... ஓர் அடிகூட நகராதீர்கள்!