ஊட்டா ஆய்த்தா?

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் கேப் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒல்லிப் பெண் அவள். செருப்பு விற்கும் ஒரு வெப்சைட்டில், நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்கும்போது 'Allow' பட்டனை அழுத்திவிட்டுப் போனவர்களுக்கு அதை எழுதி அனுப்புவது வேலை. யார் க்ளிக் பண்ணினார்கள் என்று போனை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். பார்க்கிற எனக்கே படபடக்கும்.

அன்று நகத்தையும் கடித்துக்கொண்டிருந்தாள். தன் போனுக்கு மட்டும் அனுப்ப வேண்டிய டெஸ்ட் மெசேஜை எல்லோருக்கும் தட்டிவிட்டாளாம்.

"என்ன எழுதியிருந்தே?"

"'ஊட்டா ஆய்த்தா'ன்னுக்கா. டெஸ்ட்டுக்கு எப்பவும் அதான் போடுவேன்."

சாப்பிட்டாச்சா என்று பெங்களூரே கேட்கும் கன்னடக் கேள்விதான்.

"திட்டினாங்களா?"

"ஐயோ, இல்லக்கா. இவ்ளோ க்ளிக் எதுக்குமே வந்ததில்ல. தினமும் மத்தியானம் இதையே அனுப்பச் சொல்லிட்டாங்க. ஆனா வந்தவங்க செருப்பே பாக்கலக்கா. சாட்ல, 'இன்னும் இல்ல, நீ சாப்டியா?'ன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு யாரு பதில் போடறது?"

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் வண்டி நின்றது. அவள் மறுபடி போனை எடுத்தாள். முகம் வாடியிருந்தது. நீ சாப்டியாம்மா என்று கேட்க வாயெடுத்தேன். நானும் எதையோ விற்கப் பார்ப்பதுபோல் இருக்குமே என்று, கேட்காமலே என் ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.