மாடியில் தனி அடுப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மார்த்தாண்டம் சந்தையில் சிமெண்டு மூட்டை சுமந்தேன். பிறகு கருங்கல் ஊரில் சொந்தமாக இரும்புக் கடை வைத்து, மாடி வீடும் கட்டினேன். போலீசுக்குக்கூடப் பயந்தது கிடையாது. போன வருஷம் ஒரு கிராம நிர்வாக அலுவலருக்குப் பயந்தேன்.

பல வருஷங்களுக்கு முன்பு என் மகள் விவாகரத்து வாங்கிக்கொண்டு, பெண் குழந்தையோடு என் வீட்டு மாடிக்கு வந்தாள். இருவர் பெயரையும் என் ரேஷன் கார்டில் சேர்த்தேன். இனி என் பொறுப்பு என்று ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் அவள் என் காசைத் தொட மாட்டாள். மாடியில் தனி அடுப்பு வைத்து, தையல் மிஷினை மிதித்தே பிள்ளையைப் படிக்க வைத்தாள். அந்தப் பிடிவாதம் என் ரத்தம்.

போன வருஷம் பேத்திக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. மகளின் தையல் காசில், உதவித்தொகை இல்லாமல் சேர முடியாது. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். கோர்ட்டுத் தீர்ப்பைக் காட்டியதால் தகப்பன் வருமானத்தைக் கேட்கவில்லை. ஆனால் கார்டைப் பார்த்த அலுவலர், "குடும்பத் தலைவர் நீங்கதானே? உங்க கடை வருமானத்தைத்தான் போடணும்" என்றார். அதைப் போட்டால் உதவித்தொகை கிடைக்காது. தனியாகத்தான் பொங்கித் தின்கிறார்கள் என்றேன்.

"நேர்ல வந்து பாக்கேன். அக்கம்பக்கத்துலயும் கேப்பேன்."

நேரே என் வீட்டுக்கு எதிரே உள்ள சாயாக் கடைக்குப் போனேன்.

"ஓய், ஆபீசர் கேட்டா மவளுக்கு நான் ஒண்ணும் குடுக்கல்லன்னு சொல்லும்."

"பேத்திய நான்தான் படிக்க வைக்கேன்னு இந்த பெஞ்சில இருந்துதானே சொன்னீரு? இப்ப நான் கள்ளம் சொல்லணுமா?"

"அன்னைக்கு நான் சொன்னதுதான் கள்ளம்."

அவர் சிரித்துக்கொண்டே சாயா ஆற்றினார். சொல்வதாக ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் மகள் சொன்னாள்: "அப்பா, அந்த ஆளு வந்தா மிண்டாம இரிங்க. வாயத் தொறந்தா கடைக்க பெருமையெல்லாம் வரும். இந்த வாரம் சான்றிதழ் கிட்டல்லேன்னா சீட்டு போயிரும்."

அலுவலர் வந்தார். "வீடு நல்லா இருக்கே" என்றார். அதைக் கட்டிய கதை முழுவதும் என் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். மாடியில் அடுப்பு, அரிசி வாளி, தையல் மிஷின் எல்லாம் பார்த்தார். பேத்தி துப்பட்டா நுனியை முறுக்கியபடி சுவரோடு ஒட்டி நின்றாள். கீழே இறங்கியதும் கேட்டார்: "மகளுக்கு மாசம் என்ன குடுப்பீங்க?"

சாயாக் கடைக்காரர் உட்பட நாலு பேர் வாசலில் கூடியிருந்தார்கள்.

"ஒண்ணும் குடுக்கல்ல சார். குடுத்தாலும் வாங்க மாட்டா. எனக்க கார்டுல பேரு மட்டுந்தான். சோறு அவளுக்க சோறு."

அலுவலர் வாசல் பக்கம் திரும்பினார். "உள்ளதா?"

சாயாக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளதுதான் சார். பேத்திய படிக்க வைக்கேன்னு இவரு சும்மா அடிச்சு விடுவாரு."

மகளுக்குத் தனிக் கார்டுக்கு எழுதிப் போடச் சொல்லிவிட்டு அலுவலர் போனார். சான்றிதழ் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி சேர்ந்துவிட்டாள். உதவித்தொகைக்கு வருஷா வருஷம் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதனால் சாயாக் கடையில் இப்போது என் கடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.