கட்டை போட்டவர்களும் என் பற்களும்

"அந்தக் காலத்துக் கிரிக்கெட் ஆட்டக்காரங்க ரன்னே எடுக்காம நாள் முழுக்கக் கட்டை போட்டே பேர் வாங்கிட்டாங்க லா!" என்று சிங்கப்பூர் செங்காங் காப்பிக்கடையில் அளந்துகொண்டிருந்தேன். எதிரே சென்னையிலிருந்து வந்திருந்த நண்பனின் மாமனார் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை நெட்ஸ் பயிற்சிக்கு வாங்க தம்பி. அப்ப அவங்க ஆடுன மாதிரியே ஹெல்மெட் இல்லாம நில்லுங்க, நான் போடுறேன்."

தாத்தா வயசுதானே என்று மட்டையோடு நின்றேன். முதல் பந்து மூக்கை உரசாத குறையாகப் பறந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன தம்பி, கட்டை போடலையா?"

மாநில அணியின் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவராம். நண்பன் அப்போதுதான் சொல்கிறான், பாவி!

பற்கள் எல்லாம் பத்திரம். இப்போதெல்லாம் பழைய ஸ்கோர்கார்டில் யாராவது நாலு ரன் எடுத்திருந்தாலும் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.