அடிபடாத வேட்டைக்காரி

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என் வேட்டைக்காரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று பென்சிலில் குறிக்கும் கட்டத்தில், எழுதி அழித்து எழுதி அழித்து ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த ஓட்டைக்கு ஸ்டோர்ஸ் அண்ணாதான் பொறுப்பு.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் நாங்கள் ஐந்து பேரும் வேலை பார்த்தோம். ஸ்டோர்ஸைக் கவனித்துவந்த அந்த அண்ணா, ஞாயிறு மதியங்களில் மதுக்கரையில் தன் வீட்டு மாடியில் கதை விளையாட்டு நடத்துவார். அவர் கதை சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவோம், நான் வேட்டைக்காரியாக; வெட்டு விழுந்ததா, தப்பித்தோமா என்பதைப் பகடை சொல்லும். பூதத்தை ஏவிவிடும்போதும் அவருக்கு மரியாதை குறையாது. "அம்மணி, தோள்ல கடிச்சுப்போட்டதுங்க. கொஞ்சம் ஆழமுங்க" என்பார், தானே கடித்துவிட்டதுபோலக் கூச்சப்பட்டுக்கொண்டு. ஆனால் பகடையை எல்லோர் கண்முன்னால்தான் உருட்டுவார். காயம் பட்டால் பட்டதுதான். கதையில் அது ஆறும்வரை கட்டோடு அலைய வேண்டும்.

பல்லடம் சாலையில் என் ஸ்கூட்டரை லாரி இடித்தது. மூன்று மாதம் படுத்துக் கிடந்துவிட்டு ஊன்றுகோலோடு திரும்பிப் போனேன். முதுகுக்குத் தலையணை, கால் நீட்ட முக்காலி, ஏக உபசாரம். அண்ணா முதன்முறையாகப் பகடையை ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டினார். அன்று ஓநாய்கள் என்னைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. அடுத்த வாரம் அம்புகள் தாண்டிப் போயின. நாலாவது வாரம் பாலம் இடிந்து மற்ற மூவரும் விழுந்தார்கள். நட்டநடுவில் நின்ற நான் மட்டும் விழவில்லை. வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமான்போலப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இங்கேயாவது பழைய ஆளாக இருக்கலாம் என்றுதான் அத்தனை படியும் ஏறி வந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கண்ணா, என்னைய ஆட்டத்துல சேத்திக்கலீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மறுபடியும் உங்களுக்கு அடின்னு எப்படீங்க அம்மணி வாய்ல சொல்றது?"

"அவளுக்கு அடிபட்டா நான் பாத்துக்கறனுங்க. இப்படிச் சும்மா உக்கார வெச்சா எனக்கு வலிக்குதுங்க."

அண்ணா அட்டையை மடித்துக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலமே வேட்டைக்காரி செத்துப்போனாள். கணவாயில் கடைசி ஆளாக நின்று மற்ற மூவரையும் தப்பவிட்டாள். "இதோட நிறுத்திக்கலாமுங்களா?" என்று அண்ணா கேட்டார். வேண்டாமென்று நான் தலையாட்டிய பிறகுதான் உருட்டினார். விபத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் அழுததில்லை. இழவு வீட்டில் சொல்லக்கூடாது என்பதால், அன்று யாரும் "வாரேனுங்க" சொல்லாமலே கிளம்பினோம்.

இப்போது கதை நடத்துவது நான். அண்ணாவுக்குச் சில மாதம் முன்பு இதய ஆபரேஷன் நடந்தது. போன ஞாயிறு நெஞ்சில் தழும்போடு வந்து உட்கார்ந்தார். கதையில் அவருடைய பாத்திரமான கிழட்டு வைத்தியர்மேல் கரடி பாய்ந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால், என் கையும் ஓர் அட்டையைத் தேடியது. நோட்டுக்குள் இருந்த அந்த ஓட்டைத் தாள் கண்ணில் பட்டது. எல்லோர் கண்முன்னாலும் உருட்டினேன்.

"அண்ணா, நெஞ்சுலயேதானுங்க. பலமான அடிங்க."

அண்ணா முகமெல்லாம் சிரிப்பாகப் பென்சிலை எடுத்தார்.

"அம்மணி, அந்த ரப்பரைக் கொஞ்சம் தாங்க."