எட்னா தேய்த்த துப்பாக்கி

ரெஜ் ட்ரான்டர் நாற்பது வருடம் பர்மிங்காமில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். பழைய ஏர் ரைஃபிளுக்கு விலை சொல்ல எங்கள் துப்பாக்கி கிளப்பில் அவரை விட்டால் ஆள் கிடையாது. பழைய நிறமும் கறையும்தான் மதிப்பு, தேய்த்து மெருகேற்றினால் போச்சு என்று எங்களைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

கணவரை இழந்த எட்னா, அவர் வைத்திருந்த 1907-ஆம் வருடத்துத் ஏர் ரைஃபிளை விற்க எடுத்து வந்தாள். எண்ணூறு பவுண்டு தாராளமாகப் போகும். ரெஜ் முகத்தைச் சுளித்தார்.

"ஒரே துருவா இருக்கேம்மா. அம்பது தரலாம்."

விலை எனக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவள் அடுத்த ஞாயிறு வந்தாள். குழல் புதுக் கரண்டி மாதிரி மின்னியது. கட்டையில் வார்னிஷ் வாடை. அவள் விரல்களில் பிளாஸ்திரி.

"நீங்க துருன்னதும் எனக்கு மானமே போச்சு, ரெஜ். அவரு பொருள இப்படிப் போட்டு வச்சிருக்கோமேன்னு நாலு நாளா உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். இப்போ ஒரு பத்து பவுண்டு கூடத் தரலாமில்ல?"

"ரொம்ப நல்லா தேச்சிருக்கீங்க" என்றார் ரெஜ். அறுபது கொடுத்தார். அதற்கு மேல் கொடுத்தால் ஏன் என்று கேட்பாளே!

அந்தத் துப்பாக்கி இன்றும் ரெஜ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

"எந்த முட்டாப்பய இதக் கெடுத்தான்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ரெஜ் மட்டும் பதில் சொல்வார்.

"நான்தான்."